கண்டக்டர் அக்காவின் கோழிக்கூண்டு

பெங்களூரில் எங்கள் குடித்தனம் ஒரு விசில் சத்தத்தோடு தொடங்கியது.

வாணியம்பாடியிலிருந்து மினி லாரியில் சாமான்களோடு வந்து மர்பி டவுன் சந்து ஒன்றில் இறங்கியிருந்தோம். பின்கட்டில் ஒற்றை அறை, சமையல் மேடை, குளியலறை. அவ்வளவுதான் வீடு. பீரோவை இறக்கிய ஆட்கள் வாசலைப் பார்த்தார்கள், பீரோவைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். "போவாதும்மா. போனாலும் கட்டில் போட எடம் பத்தாது." என் கணவர் பீரோவை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அந்த விசில். முன்வீட்டுக்காரர், எங்கள் ஓனரம்மா, சேலைமேல் காக்கிச் சட்டையைப் பாதி மாட்டியபடி ஓடி வந்தார். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். வாயில் விசிலைக் கவ்வியபடியே இரண்டு கையையும் வீசினார்.

"ரைட்... ரைட்... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டான்! இப்போ தலைய சாய்ச்சு உள்ள தள்ளு. ரைட், ரைட், போ!"

பீரோ உள்ளே போய்விட்டது. கட்டிலும் போய்விட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே என் தையல் மெஷின்கூட அமர்ந்துவிட்டது. அக்கா இடுப்பில் கைவைத்து நின்று அறையைப் பெருமையாகப் பார்த்தார். "எடம் பத்தாதுன்னு எவன் சொன்னது? வைக்கத் தெரியலன்னு சொல்லு!" என்று அந்த ஆட்களிடம் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார். பஸ் பிடிக்க என்றால், அந்த பஸ்ஸுக்கு அவர்தான் கண்டக்டர்.

சந்தில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அக்கா. ஒருமுறை சிவாஜி நகர் போக அவருடைய வண்டியிலேயே ஏறினேன். படிக்கட்டில் மூன்று பேர் தொங்கினார்கள். அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கும்பல். வேறு யாராக இருந்தாலும் நிற்காமல் போகச் சொல்லி விசில் அடித்திருப்பார்கள். அக்கா கதவோரம் இருந்தவர்களை முழங்கையால் உள்ளே தள்ளியபடி கன்னடம், இந்தி, தமிழ் என்று மூன்று பாஷையில் முழங்கினார்.

"முந்தே பன்னி, முந்தே பன்னி! ஆகே சலோ பாய்! உள்ள போம்மா, நடுவுல ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்ளோ எடம் கெடக்கு!"

நடுவில் எலி நுழைய இடம் இருக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னதும் எப்படியோ ஆட்கள் நகர்ந்தார்கள், எப்படியோ எல்லோரும் ஏறினார்கள். கடைசியாக ஏறிய கிழவர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்கு அக்கா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நிறுத்தத்தில் ஒருவரையும் விட்டுவிட்டு வரவில்லை என்பதுதான் அவருக்கு அன்றைக்குக் கிடைத்த சம்பளம்.

வீட்டிலும் அதே கதைதான். ஒரு ஹாலும் ஒரு அறையும் உள்ள வீட்டில் பொங்கலுக்கு எத்தனை பேர் படுத்து எழுந்தார்கள் என்று என்னால் எண்ண முடிந்ததில்லை. அவருடைய ஃப்ரிட்ஜைத் திறப்பவர்கள் ஒரு கையைக் கீழே ஏந்திக்கொண்டுதான் திறப்பார்கள், ஏதாவது ஒன்று விழும். அண்ணா, அதாவது அக்காவின் கணவர், எலக்ட்ரீஷியன். அதிகம் பேசாதவர். "இவ செத்தாலும் சவப்பெட்டியில பக்கத்துல ஒருத்தருக்கு எடம் இருக்குன்னு சொல்லுவா" என்பார். அக்கா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

எனக்கு எல்லா நேரமும் சிரிப்பு வந்ததில்லை. ஒருநாள் மாலை நாங்கள் இருவரும் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், எங்கள் கட்டிலில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். சேலத்திலிருந்து வந்தவளாம். கணவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாளாம். பஸ்ஸில் அழுதுகொண்டிருந்தவளை அக்கா அழைத்து வந்துவிட்டார். தன் வீட்டில் ஏற்கனவே உறவுக்காரர்கள் இருந்ததால் மாற்றுச் சாவி போட்டு எங்கள் அறையைத் திறந்துவிட்டிருந்தார். மூன்று நாள் குழந்தை அழ அழ, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவர் கம்பெனி மீட்டிங்கில் மைக்கை மூடி மூடித் திறந்தார்.

அவள் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். "இனிமே ஒரு வார்த்த கேட்டுட்டு பண்ணுங்கக்கா."

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "கேட்டா நீ வேணாம்னா சொல்லப் போற?"

"அப்படி இல்லக்கா..."

"அப்புறம் இன்னாத்துக்கு கேக்கணும், கண்ணு?"

அவர்மேல் கோபப்படவும் முடியாது, கோபப்படாமல் இருக்கவும் முடியாது. இப்போது நாங்கள் ஒயிட்ஃபீல்டு பக்கம் பதினோராம் மாடியில் இருக்கிறோம். எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாது. யாராவது அனுமதி கேட்காமல் உள்ளே வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. ஆனால் அந்த மூன்று நாட்களில் அப்படித் தோன்றவில்லை.

இப்படிப்பட்டவர் கோழி வளர்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்?

அது தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர் கூடை இருந்திருக்கிறது. உள்ளே கால் கட்டிய ஒரு சிவப்பு நாட்டுக்கோழி. டிப்போவில் வைத்துப் பார்த்தும் யாரும் தேடி வரவில்லை. அக்கா கூடையோடு வீட்டுக்கு வந்தார். முகத்தில் லாட்டரி விழுந்த களை.

அண்ணா கேட்டார். "இதுக்கு டிக்கெட் போட்டியா?"

"டிக்கெட் இல்லாமத்தான் வந்திருக்குது! ஃபைன் கட்டற வரைக்கும் நம்ம வூட்லதான் இருக்கணும்!"

அப்படி அதற்கு டிக்கெட் என்றே பெயர் வந்தது. ஒற்றையாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று இன்னும் மூன்று கோழிகள் வந்தன. கூண்டு வேண்டும் என்றதும் என் கணவர் போனில் தேடிக் காட்டினார். மரச்சட்டம், கம்பி வலை, சாய்வுக் கூரை. பார்க்கப் பொம்மை வீடு மாதிரி அழகாக இருந்தது. பெட்டி வந்த அன்று அக்கா லீவு போட்டுவிட்டார். அவர் ஸ்க்ரூவை எடுத்துக் கொடுக்க, என் கணவர் முடுக்க, நான் படம் பார்த்து எந்தப் பலகை எங்கே என்று சொல்ல, ஒரே திருவிழாதான். பெட்டியின்மேல் ஆறு கோழிகள் சிரித்தபடி நிற்கும் படமும், ஆறு கோழிகளுக்கு என்ற எழுத்தும் இருந்தன.

மாட்டி முடித்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. கூண்டு ஒரு குழந்தைத் தொட்டிலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. போனில் தேடிப் படித்தேன். "அக்கா, ஒரு கோழிக்கு உள்ள நாலு சதுர அடி வேணுமாம். வெளிய மேயறதுக்கு பத்து சதுர அடி வேணுமாம். இது மொத்தமே பத்து சதுர அடிதான் வரும்போல இருக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில் டிக்கெட் பயந்து பறந்தது. "ஒரு கோழிக்கு நாலு அடியா? என் வண்டில ஒரு ஆளுக்கே அவ்ளோ கெடையாது! பெட்டியில ஆறுன்னு போட்டிருந்தா நாம எட்டு வைக்கலாம். வண்டியில முப்பது சீட்டுன்னு எழுதியிருக்குது, நான் முப்பது பேரோடயா வண்டி எடுக்கறேன்?"

அடுத்த மாதத்துக்குள் கோழிகள் ஏழாகிவிட்டன. நீலசந்திராவில் யாரோ வீடு மாறும்போது கொடுத்த கறுப்புக் கோழி ஒன்று. ரசல் மார்க்கெட்டில் பாவமாகப் பார்த்தன என்று வாங்கி வந்தவை இரண்டு. முட்டைக்கும் குறைவில்லை. சந்து முழுக்க அக்காவின் முட்டைதான். காலையில் கதவைத் தட்டி, சூடு ஆறாத முட்டையை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடுவார். "பாரு, பாரு, இப்பத்தான்!" ஒவ்வொரு முறையும் உலகத்தின் முதல் முட்டை அதுதான் என்பது போல.

முதலில் பகலெல்லாம் கோழிகள் முற்றத்தில் மேய்ந்தன. பிறகு ஒருநாள் பருந்து ஒன்று தாழப் பறந்து ஒன்றைக் கால்நகத்தால் கீறிவிட்டுப் போனது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வருகிற பருந்துகளுக்கு எங்கள் முற்றம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். அதிலிருந்து அக்கா டியூட்டிக்குப் போகும்போது அவற்றைக் கூண்டில் அடைத்துவிட்டு, மாலை வந்துதான் திறந்துவிட்டார். அப்புறம் மழைக்காலம் வந்தது. அக்காவுக்கு இரட்டை டியூட்டி. மாலையிலும் திறக்க முடியவில்லை. ஏழும் நாளெல்லாம் உள்ளேயே கிடந்தன.

நாற்றம் முதலில் வந்தது. கண்ணை எரிக்கும் காரமான நாற்றம். அப்புறம் சத்தம். கொக்கரிப்பு இல்லை, ஒரு மாதிரி கீச்சென்ற அலறல். ஒரு மதியம் அந்த அலறல் தாங்காமல் குடை பிடித்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். டிக்கெட் மூலையில் தலையைச் செருகிக் கிடந்தது. வாலில் இறகே இல்லை. முதுகில் தோல் கிழிந்து ரத்தம். கறுப்புக் கோழி அந்த ரத்தத்தைத்தான் கொத்திக்கொண்டிருந்தது. அது நகர்ந்தால் அடுத்தது வந்தது. டிக்கெட்டுக்குத் தப்பி ஓட ஒரு சாண் இடம்கூட அங்கே இல்லை.

கையை விட்டு அதை வெளியே எடுத்து எங்கள் குளியலறையில் விட்டேன். அக்காவுக்குப் போன் செய்தேன். பஸ் இரைச்சலில் என்ன கேட்டதோ தெரியாது, ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து நின்றார். டிக்கெட் மெஷின் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கோழியைப் பார்த்ததும் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "யாரு பண்ணது? பூனையா?"

"இல்லக்கா. மத்த கோழிங்கதான்."

அவர் நம்பவில்லை. மழையில் போய்க் கூண்டுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவேயில்லை.

கோழியைத் துணிப்பையில் வைத்து இருவரும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயது டாக்டர். காயத்தைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, கூண்டு எவ்வளவு பெரிது என்று கன்னடத்தில் கேட்டார். அக்கா கையை விரித்துக் காட்டினார். எத்தனை கோழி என்று கேட்டார். அக்கா சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். "ஜாக சாலல்லம்மா." இடம் போதாது என்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அக்கா வாயைத் திறந்தார். வழக்கமான பதில் வரப்போகிறது என்று நினைத்தேன். அப்படியானால் எத்தனை வைக்கலாம் என்றுதான் கேட்டார்.

டாக்டர் சொன்னதைத் திரும்பும் வழியில் ஆட்டோவில் அக்கா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. அந்தக் கூண்டில் இரண்டு கோழிகளை வைக்கலாம், மூன்றே அதிகம். ஒன்று மீதியைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பெரிதாகக் கட்ட வேண்டும். தூங்குகிற பெட்டி ரொம்பப் பெரிதாக இருக்கவும் கூடாது, குளிரும். கோழிகள் தூங்கும்போது தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் விழித்திருக்கும்போது விலகி ஓட இடம் வேண்டும். அதுதான் முக்கியம்.

வீட்டில் அண்ணாவும் அவருடைய நண்பர்கள் நால்வரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் ஷீட் போட்ட பாதி அவர்களுடையது. நடுவில் ஸ்டாண்டு போட்ட பெரிய போர்டு, மேலே தொங்கும் பல்பு. டெய்லர் பாய் பிரேசர் டவுனிலிருந்து இதற்காகவே வருவார். பெயின்டரும் வேறு இருவரும் இந்தச் சந்துக்காரர்கள். மழையானாலும் வெயிலானாலும் அவர்கள் ஆட்டம் நின்றதில்லை.

நடந்ததைக் கேட்டுவிட்டு அண்ணா சொன்னார். "நாலைப் புடிச்சு பிரியாணி போட்ரலாம். இல்லன்னா அது மேலயே இன்னொரு தட்டு வச்சு அடுக்கு. நீதான் சொல்லுவியே, எடம் இருக்குன்னு."

அக்கா துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பைக்குள்ளிருந்து டிக்கெட்டின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"பத்தாதுங்க" என்றார்.

டெய்லர் பாயின் விரல் ஸ்ட்ரைக்கர்மேலேயே நின்றுவிட்டது. அண்ணா தலையை நிமிர்த்தினார். "இன்னா சொன்ன?"

"எடம் பத்தாது." அவர் டிக்கெட்டின் தலையைத் தடவினார். "சாயங்கால வண்டியில தெனமும் சண்டை. இடிச்சான், மிதிச்சான், கிள்ளினான்னு. இத்தினி வருஷமா சண்டை போடறவங்களத்தான் நான் திட்டிட்டு இருந்தேன். அறிவு கெட்டதுங்க, அனுசரிச்சுப் போகத் தெரியாததுங்கன்னு. அதுங்க எல்லாம் நல்லதுங்கதான். அந்தக் கறுப்பும் நல்லதுதான். ஓட எடம் இருந்திருந்தா இது ஓடியிருக்கும். அதுவும் விட்டிருக்கும்."

ஷீட்டில் மழை கொட்டியது. அப்புறம் அண்ணா மெதுவாக எழுந்து கேரம் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். பவுடர் டப்பாவை மூடினார். "கல்யாணம் ஆனதுல இருந்து இந்த வார்த்தை உன் வாயில வந்து நான் கேட்டதில்ல" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு பரவிக்கொண்டே வந்தது. "இதுக்காவே எடத்தைக் குடுக்கலாம்! பாய், அந்தப் பக்கம் புடிங்க. போர்டை எடுத்துரலாம்."

அக்காவை இனிமேல் யார் நிறுத்த முடியும்!

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. காலையிலேயே விசில். எல்லோரும் முற்றத்துக்கு வர வேண்டுமாம். அக்கா கையில் சாக்பீஸ். கேரம் ஆட்கள் நால்வர், அண்ணா, என் கணவர், நான். எண்ணிப் பார்த்தார். "ஏழு! சரியா ஏழு! நீங்கல்லாம் இப்போ கோழிங்க. குந்துங்க!"

பழைய கூண்டில் ஒரு கோழிக்கும் அடுத்த கோழிக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருந்ததோ, அதே அளவு மிச்சம் விட்டு எங்களைச் சுற்றித் தரையில் கோடு போட்டார். மிச்சம் என்றால், டெய்லர் பாயின் முழங்கால் என் கணவரின் விலாவில் இருந்தது. "கோட்டைத் தாண்டக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கணும்."

சிரித்தோம். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பெயின்டர் கொக்கரித்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கால் மரத்தது. அண்ணா காலை மாற்றினார், அது பெயின்டர்மேல் பட்டது. பெயின்டர் முழங்கையால் நகர்த்தினார். "யோவ், தள்ளு." "நீ தள்ளுய்யா, எனக்கு எங்க எடம்?" டெய்லர் பாய், வாயிலிருந்து கடுஞ்சொல்லே வராத மனிதர், என் கணவரைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் மூச்சை அந்தப் பக்கம் விடுங்களேன்" என்றார். பெயின்டர் அண்ணாவின் முதுகில் நறுக்கென்று ஒரு குத்து விட்டார்.

"கொத்திட்டான்! கொத்திட்டான்!" அக்கா துள்ளிக் குதித்தார். விசிலை நீளமாக ஊதினார். "பாத்தீங்களா! படிச்ச கோழி, தொழுவற கோழி, எல்லாமே கொத்துது!"

எழுந்து நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சந்தில் போனவர்கள் கேட்டருகே நின்று எட்டிப் பார்த்தார்கள். அக்கா என்னிடம் வந்தார். "அன்னிக்குப் போன்ல இன்னாமோ படிச்சியே. திருப்பிப் படி."

படித்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஒரு கோழிக்கு நாலு சதுர அடி என்றால் ஏழுக்கு இருபத்தெட்டு. ஏழடிக்கு நாலடி தூங்கும் பெட்டி. மேய்வதற்கு ஒன்றுக்குப் பத்து என்றால் எழுபது. பத்தடிக்கு ஏழடி வலைக்கூண்டு. அண்ணா டேப் பிடிக்க, அக்கா தரையில் கோடு இழுத்தார். கோடு கேரம் இடத்தை முழுவதும் விழுங்கிவிட்டுத் துணி துவைக்கும் கல்லில் போய் இடித்தது.

"இன்னும் தூங்கற பெட்டி வேற வைக்கணுமே, அதை எங்க வைக்கறது?" என்று அண்ணா தலையைச் சொறிந்தார்.

என் கணவர் சொன்னார். "பெட்டிய கால் வச்சு ஒசத்திரலாம்ண்ணா. மேல தூங்கட்டும், கீழ மேயட்டும்."

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "டபுள் டெக்கர்! என் ராசா, டபுள் டெக்கரு!"

உற்சாகத்தில் தூங்கும் பெட்டியையும் பத்தடிக்கு இழுத்துவிடலாம் என்று ஆரம்பித்தார். டாக்டர் குளிரும் என்று சொன்னதை நான் நினைவுபடுத்தியதும் சாக்பீஸோடு யோசித்தார். ஏழு பேரும் ஒரே வரிசையில் சுவரோரம் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து காட்ட வேண்டும் என்றார். காட்டினோம். "கதகதன்னு இருக்குதா?" இருந்தது. "சரி, ஏழடியே போதும்" என்று கோட்டை அழித்தார்.

வெல்டர் கூண்டைச் செய்து கொண்டுவரும்வரை அக்கா யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. பெருச்சாளி நுழையாதபடி வலையின் கண் சின்னதாக இருக்க வேண்டும். பருந்துக்காக மேலேயும் வலை வேண்டும். முட்டையிட இரண்டு மரப்பெட்டி, உட்கார ஒரு நீளக் கட்டை. டியூட்டியின் நடுவே போன் செய்து, பின்னால் பஸ் இரைய இரைய, "கட்டைய உருண்டையா செதுக்கச் சொன்னியா? கால் வலிக்கும்!" என்று கேட்பார். கேரம் போர்டு மொட்டை மாடிக்கு ஏறியது; காலியான ஷீட்டுக்கு அடியில் அதுவரை ஆறு கோழிகளும் பகலில் மேய்ந்தன. பெயின்டர் அங்கே தார்ப்பாய் கட்டிக்கொடுத்தார். காற்றில் காய்கள் தானாக நகர்கின்றன என்று டெய்லர் பாய் மட்டும் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுக் கூண்டில் ஆறு கோழிகளும் பழகிய பிறகுதான் டிக்கெட்டை விட வேண்டும். அதுவரை அது எங்கள் குளியலறையில். வாலில் புது இறகுகள் முளைத்துவிட்டன. ஆனால் மற்றவை அதைச் சேர்த்துக்கொள்ளுமா? திரும்பவும் கிழித்துவிட்டால்? விடுகிற அன்று காலை ஒரு உலகக்கோப்பை மேட்சுக்குக் கூடுவது போலக் கூடிவிட்டோம். அக்கா டிக்கெட்டைக் கையில் ஏந்தி, அதன் காதருகே என்னவோ சொன்னார். கதவைத் திறந்து கீழே விட்டார்.

கறுப்புக் கோழி உடனே நிமிர்ந்தது. கழுத்து இறகு சிலிர்த்தது. ஒரே பாய்ச்சல். டிக்கெட் ஓடியது. "ஓடு, ஓடு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். பெட்டிக்கு அடியில் நுழைந்து, இரும்புக் காலைச் சுற்றி, அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பி, சாய்வுப் பலகையில் ஏறி, தூங்கும் பெட்டியின் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. கறுப்பு பாதி தூரம் துரத்தியது. அப்புறம் நின்றது. தரையில் ஏதோ புழு கண்ணில் பட்டிருக்க வேண்டும். குனிந்து கிளற ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான். சண்டை முடிந்துவிட்டது.

அண்ணாவும் பெயின்டரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டெய்லர் பாய் கை தட்டினார். அக்கா மட்டும் சத்தமே போடவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "விட்டுடுச்சு பாரு. விட்டுடுச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் அக்காவின் வண்டியை ஓட்டும் டிரைவர் வந்தார். நீலசந்திராக்காரர். கையில் ஒரு பிரம்புக் கூடை, கூடைக்குள் இரண்டு கோழிகள். கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து வியந்தார். "இன்னாக்கா, இதுல கிரிக்கெட்டே ஆடலாம் போல இருக்குது! மாமியார் ஊர்ல இருந்து ரெண்டு அனுப்பியிருக்காங்க. எங்க வூட்ல வைக்க வழியில்ல. இதுலயே விட்டுரட்டா? இன்னும் ரெண்டுக்கா எடம் இல்லாம போயிடும்?"

நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா கூண்டைப் பார்த்தார். கூடைக்குள்ளிருந்த இரண்டையும் பார்த்தார். அவை அவரைப் பார்த்தன. கை தன்னால் கூடைப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது.

"ஃபுல்லுப்பா" என்றார்.

டிரைவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். "நீயாக்கா சொல்ற? நம்ம வண்டில நீ இந்த வார்த்தைய சொல்லி நான் கேட்டதேயில்லியே!"

"ஏழுக்குன்னு கட்டினது. ஏழுதான்."

சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. டிரைவர் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அவர் கேட்டைக்கூடத் தொட்டிருக்கமாட்டார், அக்கா ஓடிப்போய் மறித்துக்கொண்டார்.

"நில்லு, நில்லு! உன் வூட்டுப் பின்னால எவ்ளோ எடம் கெடக்குது?"

"ஒரு ஓரம் இருக்குதுக்கா. பாத்ரூம் பக்கத்துல, பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம்."

"ரெண்டுதானே? பாத்துரலாம் வா." கழுத்தை எங்கள் பக்கம் திருப்பினார். கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு. "யாரு அந்த சாக்பீஸை எடுத்து வச்சது? கெளம்புங்க, கெளம்புங்க!"

"ரெண்டு கோழிக்கு ரெண்டு பேர் போதாதாக்கா?" என்றேன்.

"ரெண்டு பேர் குந்த. மத்தவங்க பழைய சாமான் எடுத்துப் போட. ஏறு!"

எல்லோரும் பஸ் ஏறினோம். அன்று அக்காவுக்கு டியூட்டி இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றபடி வந்தார். வேறு ஒருவர் விசில் அடிப்பதைப் பொறுக்க முடியாமல் அவர் வாய் குவிந்து குவிந்து அடங்கியது.

நீலசந்திராவில் டிரைவரின் மனைவி, கணவர் பின்னால் எட்டுப் பேர் திபுதிபுவென்று பின்கட்டுக்குள் நுழைவதைப் பார்த்து, கரண்டியோடு நின்றுவிட்டார். உடைந்த நாற்காலிகளையும் பெயின்ட் டப்பாக்களையும் ஆண்கள் இழுத்துப் போட்டார்கள். என்னையும் அந்த அம்மாவையும் அக்கா குந்தச் சொன்னார். அந்த அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் குந்தினார். எங்கள் இருவரையும் சுற்றி அக்கா குனிந்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கோடு போட்டு வந்தார்.

"திரும்பிப் பாரு கண்ணு. இடிக்குதா?"

"கொஞ்சம் இடிக்குதுக்கா" என்றேன்.

வாதாடவில்லை. போட்ட கோட்டைக் காலாலேயே தேய்த்து அழித்தார். ஒரு முழம் தள்ளிப் புதுக் கோடு இழுத்தார். நிமிர்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்போ?"